ஜி. டபிள்யூ. எம். ரெயினால்ட்ஸ்

ஜார்ஜ் வில்லியம் மக்ஆர்தர் ரெயினால்ட்ஸ் (சூலை 23, 1814 - சூன் 19, 1879) ஆங்கிலேயப் புதின எழுத்தாளர், இதழாசிரியர், அரசியல் செயற்பாட்டாளர். அரண்மனைச் சூழ்ச்சிகள், ஆள்மாறாட்டங்கள், எதிர்பாராத திருப்பங்கள் நிறைந்த இவரது தொடர்கதைகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியாவில் பெரும் எண்ணிக்கையில் விற்பனையாயின. தம் காலத்தில் சார்லஸ் டிக்கின்சை விடவும் மிகுதியாக விற்பனையான எழுத்தாளராக இவர் கருதப்படுகிறார். பிரித்தானியாவில் இவரது பெயர் மங்கிய பின்னரும் இந்தியாவில் இவரது புதினங்கள் பல பத்தாண்டுகளுக்கு விரும்பிப் படிக்கப்பட்டன. தமிழில் மர்மப் புதினம் உருவான காலத்தில் அதற்கு முன்மாதிரியாக அமைந்த மேல்நாட்டு எழுத்தாளர்களுள் இவர் முதன்மையானவர்.

இளமை

ரெயினால்ட்ஸ் இங்கிலாந்தின் கென்ட் கவுண்டியில் உள்ள சான்ட்விச் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை சர் ஜார்ஜ் ரெயினால்ட்ஸ் அரச கடற்படையில் கப்பல் தலைவராக இருந்தவர். ரெயினால்ட்ஸ் எட்டு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1822இல், தந்தை இறந்தார். குடும்ப மரபையொட்டி இவரும் படைத்துறைக்கு அனுப்பப்பட்டார். 1828இல் சாண்ட்ஹர்ஸ்டு அரச படைக் கல்லூரியில் சேர்ந்தார். ஆயினும் அங்கு இவருக்கு நாட்டம் ஏற்படவில்லை. 1830இல் தாயும் இறந்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டில் கல்லூரியை விட்டு விலகி, தமக்குக் கிடைத்த குடும்பச் சொத்துடன் பிரான்சு நாட்டுக்குச் சென்றார்.

அப்போது பிரான்சில் 1830ஆம் ஆண்டு சூலைப் புரட்சி நடந்து முடிந்திருந்தது. அரசன் ஒருவன் மக்கள் எழுச்சியால் அரியணை இழந்த நாட்டில் கழித்த இளமைக்காலம் இவரைக் குடியரசுக் கொள்கையின் பக்கம் திருப்பியது. பின்னாளில் தம் மகன்களுள் இருவருக்கு ஐரோப்பியப் புரட்சித் தலைவர்களின் பெயர்களையே சூட்டினார்: ஒருவர் லெத்ரு ரோலான், மற்றவர் கொசுத் மாட்சினி. 1835இல் சுசன்னா பிரான்சிஸ் பியர்சன் என்பவரை மணந்தார். சுசன்னாவும் புதினங்கள் எழுதியவர். ரெயினால்ட்சின் முதல் புதினம் 1835இல் வெளிவந்தது. பாரிசில் தொடங்கிய பதிப்பு, இதழ் முயற்சிகள் தோல்வியுற்று, கைப்பொருளை இழந்து இங்கிலாந்து திரும்பினார்.

எழுத்துப் பணியின் தொடக்கம்

நாடு திரும்பிய ரெயினால்ட்ஸ் 1837இல் மந்த்லி மகசீன் என்னும் இதழின் ஆசிரியரானார். டிக்கின்சின் பிக்விக் பேப்பர்ஸ் அப்போது நாடெங்கும் பேசப்பட்டு வந்தது. அதன் கதைமாந்தர்களையே எடுத்துக்கொண்டு, அவர்கள் பிரான்சில் பயணம் செய்வதாகப் பிக்விக் அப்ராட் என்னும் தொடரை எழுதினார். பதிப்புரிமைச் சட்டம் தளர்வாக இருந்த அக்காலத்தில் இத்தகைய செயல்கள் வழக்கத்தில் இருந்தன. டிக்கின்சுக்கு இவர் மீது இருந்த வெறுப்பு இங்கிருந்தே தொடங்குகிறது. பிறர் கதையை எடுத்து வளர்த்துப் பெயர் பெற்ற இவரது கதைகளே பிற்காலத்தில் இந்திய மொழிகளில் பெரும்பாலும் மூலத்தின் பெயர் சொல்லப்படாமல் தழுவப்பட்டன.

1845இல் தொடங்கப்பட்ட லண்டன் ஜர்னல் இதழின் முதல் ஆசிரியராக இருந்த இவர், 1846இல் ரெயினால்ட்ஸ் மிசலேனி என்னும் தம் சொந்த வார இதழைத் தொடங்கினார். ஓநாய் மனிதனைப் பற்றிய வேக்னர் புதினம் அதன் முதல் இதழிலிருந்து தொடராக வந்தது.

லண்டன் மர்மங்கள்

பிரெஞ்சு எழுத்தாளர் யூஜின் சூ எழுதிய பாரிஸ் மர்மங்கள் 1842-43இல் நாளிதழ்த் தொடராக வந்து ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றது. அதனால் தூண்டப்பட்டு ரெயினால்ட்ஸ் 1844 அக்டோபரில் லண்டன் மர்மங்கள் (த மிஸ்டரிஸ் ஆஃப் லண்டன்) தொடரைத் தொடங்கினார். 1848 வரை இரண்டு வரிசைகளாக இதனை எழுதினார்.

இத்தொடர் வெளிவந்த முறை குறிப்பிடத்தக்கது. வாரந்தோறும் எட்டுப் பக்கங்கள், முகப்பில் ஒரு மரச்செதுக்குப் படம், விலை ஒரு பென்னி. டிக்கின்சின் புதினங்கள் 32 பக்க மாதப் பகுதிகளாக ஒரு சில்லிங் விலையில், அதாவது 12 பென்னிக்கு, விற்கப்பட்டன. ஆகவே தொழிலாளர்களும் வீட்டு வேலையாட்களும் வாங்கக்கூடியதாக ரெயினால்ட்சின் தொடர் அமைந்தது. எழுத்தறியாதோருக்கு மற்றவர்கள் உரக்கப் படித்துக் காட்டுவதும் உண்டு. வாரத்திற்குச் சுமார் 40,000 படிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது. எட்டாம் பக்கம் முடிந்ததும் கதை நின்றாக வேண்டும் என்பதால், அடுத்த வாரம் வாசகரை மீண்டும் வாங்க வைக்கும் திருப்பம் கதையமைப்பின் அடிப்படையாயிற்று.

ரிச்சர்டு, யூஜின் மார்க்கம் என்னும் உடன்பிறந்தோர் இருவர் 1831இல் பிரிகின்றனர். 12 ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் சந்தித்து, யார் வாழ்வில் உயர்ந்தவர் என ஒப்பிடுவதாக உறுதி செய்து கொள்கின்றனர். நேர்மையான ரிச்சர்டு செய்யாத குற்றத்திற்காகச் சிறை செல்கிறான். யூஜின் பொய்ப் பெயர்களில் பணம் சுருட்டி நாடாளுமன்ற உறுப்பினராகவே ஆகிறான். தொடக்கத்தில் வரும் இளைஞன் உண்மையில் சொத்துரிமைக்காக ஆண்வேடம் பூண்ட பெண் என்பது கதையின் முதல் திருப்பங்களுள் ஒன்று. அவளே பின்னர் காசில்சிகாலா என்னும் கற்பனை இத்தாலிய நாட்டின் அரசியாகிறாள். ரிச்சர்டு அதே நாட்டில் கொடுங்கோலாட்சிக்கு எதிரான படைக்குத் தலைமை தாங்குகிறான். இவற்றினூடே கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களை விற்கும் கொடியவன் ஒருவனும் வருகிறான்.

அன்றைய அரசியல் செய்திகளும் கதையில் உடனுக்குடன் இடம்பெற்றன. இத்தாலிய விடுதலைத் தலைவர் மாட்சினியின் கடிதங்களை அஞ்சல் துறை கமுக்கமாகப் பிரித்துப் படித்தது 1844இல் வெளிப்பட்டுப் பெரும் கண்டனம் எழுந்தது. ரெயினால்ட்சின் தொடரில் தலைமை அஞ்சலகத்துக்குள் கடிதங்களைப் பிரிக்கும் இருட்டறை ஒன்று காட்டப்படுகிறது. பக்கிங்காம் அரண்மனைக்குள் சிறுவன் ஒருவன் மீண்டும் மீண்டும் புகுந்த உண்மை நிகழ்ச்சியும் கதையில் பயன்படுத்தப்பட்டுள்ளது.

அரசவை மர்மங்கள்

பதிப்பாளருடன் ஏற்பட்ட பிணக்கால் ரெயினால்ட்ஸ் அத்தொடரிலிருந்து விலகினார். ஜான் டிக்ஸ் என்பவரைப் பதிப்பாளராகக் கொண்டு 1848இல் லண்டன் அரசவை மர்மங்கள் (த மிஸ்டரிஸ் ஆஃப் த கோர்ட் ஆஃப் லண்டன்) தொடரைத் தொடங்கி 1856 வரை எழுதினார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னராக முடிசூடிய வேல்ஸ் இளவரசரின் ஒழுக்கக்கேடுகளும், உயர்குடியினரின் சூழ்ச்சிகளும் இதன் மையப்பொருள். அரசகுடும்பத்தின் அண்மைக்கால வரலாற்றையே மர்மக் கதையாக்கியது துணிச்சலான செயலாகும். அரியணையும் பரம்பரைப் பட்டங்களும் குற்றத்தை மூடி மறைக்கும் திரைகளே என்னும் கருத்து கதை முழுதும் ஓடுகிறது.

தையற்காரி (1850) என்னும் புதினத்தில், சீமாட்டி ஒருத்தி ஆடைக்குக் கொடுக்கும் பெருந்தொகை இடைத்தரகர் ஒவ்வொருவரிடமும் குறைந்து குறைந்து, ஆடையைத் தைத்த ஏழைப் பெண்ணிடம் சில காசுகளாக வந்து சேர்வதைக் காட்டினார். படைவீரனின் மனைவி புதினம் படையில் வழங்கப்பட்ட கசையடித் தண்டனையைக் கண்டித்தது.

அரசியல்

1838இல் வெளியிடப்பட்ட மக்கள் சாசனத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்த சாசன இயக்கம் (சார்ட்டிசம்), வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை, மறைவு வாக்கெடுப்பு, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஊதியம் உள்ளிட்ட ஆறு கோரிக்கைகளை முன்வைத்தது. மார்ச் 6, 1848 அன்று லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வருமான வரிக்கு எதிராகக் கூட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதிகாரிகள் அதற்குத் தடை விதித்தனர்; கூட்டத்தை அறிவித்தவர் வரவில்லை. திரண்டிருந்த மக்கள் முன் ரெயினால்ட்ஸ் தலைமை ஏற்றுப் பேசினார். பிரெஞ்சுப் புரட்சியாளர்களை வாழ்த்தினார். கூட்டம் அவரது வீடு வரை பின்தொடர, மாடத்தில் நின்று மீண்டும் பேசினார். அன்று முதல் இவர் சாசன இயக்கத்தின் அறியப்பட்ட தலைவர்களுள் ஒருவரானார். பின்னர் தேசிய சாசனச் சங்கத்தின் செயற்குழுவிலும் இடம்பெற்றார்.

இவரது நேர்மை குறித்துக் கருத்து வேறுபாடுகள் உள்ளன. மக்களின் ஆர்வத்தைப் பணமாக்கும் வணிகர் என்று எதிரிகள் குற்றம் சாட்டினர். கார்ல் மார்க்சும் இவரை நம்பவில்லை. ஆனால் இயக்கம் தளர்ந்த பின்னரும் இவர் தம் கொள்கையை விடவில்லை என்பதற்கு இவரது செய்தித்தாள் சான்றாக உள்ளது. மே 1850இல் தொடங்கப்பட்ட ரெயினால்ட்ஸ் வீக்லி நியூஸ்பேப்பர் தொழிலாளர் சார்பான குடியரசு இதழாக நீண்ட காலம் நடந்தது. 1857இல் இந்தியாவில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது பிரித்தானிய இதழ்களில் பெரும்பாலானவை பழிவாங்கலைக் கோரின. இவ்விதழ் கிளர்ச்சிக்குக் காரணம் கம்பெனி ஆட்சியின் கொடுமையே என வாதிட்டது. பெயர் மாற்றங்களுடன் இவ்விதழ் 1967 வரை வெளிவந்தது.

இறுதிக் காலம்

1858இல் மனைவி சுசன்னா இறந்தார். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரெயினால்ட்ஸ் புதினம் எழுதுவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டு செய்தித்தாளில் கவனம் செலுத்தினார். சூன் 19, 1879 அன்று லண்டனில் காலமானார். அப்போது இவர் வசதி படைத்தவராக இருந்தார். இலக்கிய வரலாறுகள் இவரை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தன. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வெகுமக்கள் இலக்கியத்தை ஆய்வு செய்தோர் இவரை மீண்டும் கவனித்தனர்.

இந்தியாவிலும் தமிழிலும்

ரெயினால்ட்சின் மலிவுப் பதிப்புகள் இந்தியாவின் நூலகங்களிலும் புத்தகக் கடைகளிலும் பரவின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் மிகுதியாகப் படிக்கப்பட்ட ஆங்கிலப் புதின ஆசிரியர்களுள் இவர் முன்னிலையில் இருந்தார். வங்காளம், உருது, இந்தி, மராத்தி முதலிய மொழிகளில் இவரது கதைகள் பெயர்க்கப்பட்டன. இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் இளமையில் இவரது அரசவை மர்மங்கள் தொகுதிகளின் மொழிபெயர்ப்பைப் படித்தவர்.

ரெயினால்ட்ஸ் இறந்த 1879ஆம் ஆண்டில்தான் தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. அடுத்த 50 ஆண்டுகளில் தமிழ்ப் புதினம் பரவலான வாசகரைப் பெற்றபோது ரெயினால்ட்சின் தாக்கம் வெளிப்படையாகத் தெரிந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி அய்யங்கார் ஆகியோர் இவரது கதைகளைத் தழுவித் தமிழில் எழுதினர். ஆங்கிலப் பிரபுக்கள் ஜமீன்தார்களாகவும், லண்டன் மாளிகைகள் தமிழகத்து அரண்மனைகளாகவும் மாறின. ஆள்மாறாட்டம், மறைக்கப்பட்ட உயில், கடத்தப்பட்ட பெண், இறுதியில் வெளிப்படும் உண்மையான வாரிசு ஆகியவை தமிழ் வாசகருக்குப் பழகிய கதைக்கூறுகளாயின.

பின்னாளில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலை அடிகளும் ரெயினால்ட்சைத் தழுவியவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1911இல் வெளிவந்த அவரது குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி, ரெயினால்ட்சின் லைலா (1856) என்னும் புதினத்தின் தழுவல் ஆகும். காக்கேசிய மலைநாட்டில் நடக்கும் மூலக்கதையை அவர் இந்தியச் சூழலுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்.

1930களில் புதுமைப்பித்தன் முதலிய எழுத்தாளர்கள் தழுவல் முறையைக் கடுமையாக எதிர்த்தனர். மொழிபெயர்ப்பே மூலத்துக்குச் செய்யும் நேர்மை என்பது அவர்கள் வாதம். தழுவலில் கதையின் மர்மம் தமிழுக்கு வந்து சேர்ந்தது. அரசருக்கும் பிரபுக்களுக்கும் எதிராக ரெயினால்ட்ஸ் எழுப்பிய அரசியல் குரல் பெரும்பாலும் வந்து சேரவில்லை. தமிழ் வாசகருக்கு அவர் திடுக்கிடும் கதைகளின் ஆசிரியராக மட்டுமே அறிமுகமானார். மக்களாட்சிக்காக மேடையேறியவர் என்பதும், 1857இல் இந்தியருக்காகப் பேசிய இதழின் உரிமையாளர் என்பதும் பரவலாக அறியப்படாமல் போயின.

முக்கிய படைப்புகள்

பிக்விக் அப்ராட் (1837-38)
லண்டன் மர்மங்கள் (1844-48)
வேக்னர் என்னும் ஓநாய் மனிதன் (1846-47)
லண்டன் அரசவை மர்மங்கள் (1848-56)
வெண்கலச் சிலை (1849-50)
தையற்காரி (1850)
மேரி பிரைஸ் (1851-52)
படைவீரனின் மனைவி (1852-53)
ஜோசப் வில்மட் (1853-54)
லைலா அல்லது மிங்ரேலியாவின் விண்மீன் (1856)