இசைத்தட்டில் பெயர் பொறித்த எமில் பெர்லினர்

பழைய இசைத்தட்டு சேகரிப்பவர் கையில் ஒரு தட்டு கிடைத்தால், முதலில் ஊசியை வைத்துப் பாட்டைக் கேட்கமாட்டார். தட்டின் நடுப்பகுதியைத்தான் உற்றுப் பார்ப்பார். அங்கே காகித லேபிள் இல்லாமல், பெயரும் எண்ணும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். அப்படிப்பட்ட தட்டுகளில் பெரும்பாலும் காணப்படும் பெயர் எமில் பெர்லினர். கிராமஃபோனைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் 1851 மே 20ஆம் தேதி ஒரு யூத வணிகர் குடும்பத்தில் பெர்லினர் பிறந்தார். 14 வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. 1870இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். முதலில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். பிறகு ஓர் ஆய்வுக்கூடத்தில் குப்பிகள் கழுவினார். இரவில் நியூயார்க்கின் கூப்பர் நிலையத்தில் இயற்பியல் கற்றார். 1877இல் தொலைபேசிக்கான மேம்பட்ட ஒலிவாங்கி ஒன்றை வடிவமைத்து, அதன் உரிமையை பெல் நிறுவனத்துக்கு விற்றார். பட்டம் எதுவும் இல்லாத இளைஞருக்கு அது பெரிய திருப்பம்.

அதே 1877இல் எடிசன் ஃபோனோகிராஃபை உருவாக்கினார். அதில் ஒலி ஓர் உருளையின்மேல் பதிவானது. ஆனால் உருளையைப் படியெடுப்பது பெரும்பாடு. நூறு உருளைகள் வேண்டுமென்றால் பாடகர் மீண்டும் மீண்டும் பாட வேண்டியிருந்த காலம் அது. பெர்லினர் வேறு வழியில் யோசித்தார். மெழுகு பூசிய துத்தநாகத் தட்டில் ஊசி பக்கவாட்டில் அசைந்து கோடு கீறும். அமிலம் அந்தக் கோட்டை அரித்துப் பள்ளமாக்கும். அதிலிருந்து உலோக அச்சு எடுத்துவிட்டால், ஒரே அச்சைக் கொண்டு எத்தனை தட்டுகள் வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம். 1887இல் காப்புரிமை பெற்றார். என் பார்வையில், இசையைப் பண்டமாக்கியது கருவியைவிட அந்த அச்சுதான்.

ஆனால் உலகம் அதை முதலில் விளையாட்டுப் பொருளாகத்தான் பார்த்தது. 1890 வாக்கில் ஜெர்மனியின் வால்டர்ஸ்ஹவுசன் நகரில் பொம்மை செய்யும் கேமர் உண்ட் ரைன்ஹார்ட் நிறுவனம், கையால் சுழற்றும் சிறு கிராமஃபோன்களை விற்றது. தட்டின் குறுக்களவு சுமார் 12.5 செண்டிமீட்டர் மட்டுமே. குழந்தைகள் சுழற்றும் வேகத்துக்கேற்பப் பாட்டும் ஓடியிருக்கும்! இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது இந்தப் பொம்மைத் தட்டுகளைத்தான்.

1898 டிசம்பரில் பெர்லினர், தம் சகோதரர் யோசஃபுடன் சேர்ந்து ஹனோவரில் டாய்ச் கிராமஃபோன் நிறுவனத்தைத் தொடங்கினார். தட்டுகளுக்குத் தேவையான அரக்கு இந்தியாவிலிருந்து போயிற்று. சில ஆண்டுகளில் இசையும் அதே திசையில் பயணப்பட்டது. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய பாடல்கள் ஹனோவரில் தட்டுகளாகித் திரும்பி வந்தன. மறு ஆண்டு அந்த ஒலிப்பதிவுக் குழு சிங்கப்பூருக்கும் வந்தது. ஹனோவரில் படியெடுக்கப்பட்டது என்ற ஆங்கில வாசகம் இன்றும் பழைய ஆசியத் தட்டுகளில் தென்படுகிறது.

பெர்லினர் காலத்துத் தட்டுகள் பலவற்றில் பதிவு செய்த நாளும் கையால் கீறப்பட்டிருக்கும். தேதியைத் தேட வேண்டியதே இல்லை. காகித லேபிள் வந்த பிறகுதான் துப்பறியும் வேலை தொடங்குகிறது. லேபிளில் நிறுவனப் பெயரோடு 'டைப்ரைட்டர்' என்ற சொல் இருந்தால், அது 1907ஐ ஒட்டியோ அதற்கு முன்போ அச்சானது. இறகால் எழுதும் தேவதைச் சின்னம் இருந்தால் பெரும்பாலும் 1909க்கு முந்தியது. அதன் பிறகு கிராமஃபோன் கேட்கும் நாய் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பழைய லேபிள்கள் தீரும்வரை ஒட்டுவார்கள் என்பதால், தட்டில் பொறித்த பதிவு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

லேபிள்களிலிருந்து பெர்லினரின் பெயர் மறைந்ததற்குப் பின்னால் ஒரு கசப்பான கதை உண்டு. அமெரிக்காவில் அவருடைய விற்பனை முகவரே எதிரியாகி வழக்குத் தொடுத்தார். 1900இல் நீதிமன்றத் தடையால், தம் கண்டுபிடிப்பை அந்த நாட்டில் தாமே விற்க முடியாத நிலைக்கு பெர்லினர் தள்ளப்பட்டார். கனடாவின் மாண்ட்ரியலில் தொழிலைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் நிறுவனத்தின் கைக்குப் போயிருந்த ஹனோவர் தொழிற்சாலையை, முதல் உலகப் போரின்போது எதிரிச் சொத்து என்று ஜெர்மன் அரசு பறிமுதல் செய்தது. 1917இல் லைப்சிக் நகரின் பாலிஃபோன் நிறுவனம் அதை வாங்கியது.

அதற்குள் பெர்லினரின் கவனம் வேறு பக்கம் போயிருந்தது. மகள் கடும் நோயில் விழுந்தது அவரை உலுக்கியது. குழந்தைகளுக்குப் பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கித் தர வேண்டும் என்று பல ஆண்டுகள் பிரசாரம் செய்தார். மகன் ஹென்றியுடன் ஹெலிகாப்டர் சோதனைகளிலும் இறங்கினார். 1929 ஆகஸ்ட் 3ஆம் தேதி வாஷிங்டனில், 78ஆம் வயதில் காலமானார். ஹனோவரில் அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் இசை வெளியிடுகிறது. அதன் மஞ்சள் லேபிளில் அவர் பெயர் இல்லை.