தங்கத்தைத் தவறவிட்ட மொரப்பாக்கம் கோபாலன்

தாம்பரத்தைத் தாண்டி தெற்கே, செங்கல்பட்டு மாவட்டம் மொரப்பாக்கத்தில் 1909ல் பிறந்தவர் எம்.ஜே.கோபாலன். திருவல்லிக்கேணியில் வளர்ந்த இந்தப் பையனின் வேகப்பந்தைப் பார்த்து அசந்துபோனார் வெள்ளைக்கார கிரிக்கெட் வீரர் ஜான்ஸ்டன். பர்மா ஷெல் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்தார். விளையாட்டு சோறு போடாத காலம் அது. வேலைதான் கைகொடுத்தது.

1934ல் கொல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே வருஷம் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியதும் இவர்தான். 1935ல் இந்திய ஹாக்கி அணியோடு நியூசிலாந்து போனார்.

1936ல் வந்தது சோதனை. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் டூரா? கிரிக்கெட்டுக்கே கப்பல் ஏறினார். அங்கே ஒரு டெஸ்ட்டில்கூட இடம் கிடைக்கலை. ஹாக்கி அணியோ தங்கத்தோடு திரும்பியது.

அப்புறம் டெஸ்ட் வாய்ப்பு வரவே இல்லை. 2003ல் 94 வயதில் காலமானார். சென்னையும் இலங்கையும் மோதிய கிரிக்கெட் போட்டிக்கு வைத்த பெயர் கோபாலன் கோப்பை.