ஐடா ஸ்கடர்

ஐடா சோபியா ஸ்கடர் (டிசம்பர் 9, 1870 – மே 24, 1960) தமிழ்நாட்டில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனர். இந்தியப் பெண்களுக்கு மருத்துவக் கல்வியும் செவிலியர் கல்வியும் கிடைக்க வழி செய்தவர்களுள் ஒருவர்.

இளமை

ஐடா இராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய தந்தை இரண்டாம் ஜான் ஸ்கடர், தாயார் சோபியா வெல்டு. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819 இல் இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னையில் பணியாற்றிய மருத்துவ மறைப்பணியாளர். குடும்பத்தில் பலர் இதே பணியில் இருந்தனர். ஆனால் ஐடாவுக்கு இப்பணியில் விருப்பம் இருக்கவில்லை. சிறுவயதில் பஞ்சத்தின் கொடுமையை நேரில் கண்டிருந்த இவர், அமெரிக்காவிலேயே வாழ எண்ணினார். மாசச்சூசெட்சு மாநிலத்தின் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தார். தாயார் நோயுற்றதால் 1890 இல் அவரைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனம் வந்தார். சில காலத்தில் திரும்பிச் செல்வதே இவருடைய எண்ணமாக இருந்தது.

மருத்துவப் படிப்பைத் தேர்ந்தது

திண்டிவனத்தில் ஓர் இரவு மூவர், ஒருவர் பின் ஒருவராக, பேறுகால வேதனையில் இருந்த தத்தம் மனைவியருக்கு உதவுமாறு ஐடாவை அழைத்தனர். அவர்களுள் ஒருவர் பிராமணர், ஒருவர் முசுலிம், மற்றவர் வேறொரு சாதியைச் சேர்ந்த இந்து. ஐடா மருத்துவம் படித்திருக்கவில்லை. மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு கூறினார். ஆண் மருத்துவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை மூவரும் ஏற்கவில்லை. மறுநாள் காலைக்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். இதன் பிறகே ஐடா மருத்துவராவதென முடிவு செய்தார்.

1895 இல் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898 இல் நியூயார்க்கின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கத் தொடங்கியபோது அங்கு மாறினார். 1899 இல் அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண்கள் குழுவில் இவரும் ஒருவர்.

வேலூரில் பணி

1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூர் வந்தார். தந்தையின் வீட்டில் ஒரே படுக்கையுடன் சிகிச்சையைத் தொடங்கினார். அதே ஆண்டில் தந்தை காலமானார். நியூயார்க் வங்கியாளர் செல் என்பவர் தம் மனைவியின் நினைவாக அளித்திருந்த 10,000 டாலரைக் கொண்டு, மேரி டேபர் செல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் 1902 இல் திறக்கப்பட்டது. நகருக்கு வர இயலாதோருக்காகச் சுற்றுப்புறக் கிராமங்களுக்குச் சென்று சாலையோரத்திலும் சிகிச்சை அளித்தார்.

செவிலியர் பள்ளியும் மருத்துவப் பள்ளியும்

நோயாளிகள் பெருகப் பெருக, ஒருவராகப் பணிபுரிவதன் எல்லையை ஐடா உணர்ந்தார். இந்தியப் பெண்களையே பயிற்றுவிக்க வேண்டும் எனக் கருதினார். நோயாளியின் உடலையும் கழிவையும் தொட வேண்டிய செவிலியர் தொழில் அக்காலத்தில் இழிவானதாகக் கருதப்பட்டது. குடும்பங்கள் பெண்களை அதற்கு அனுப்பத் தயங்கின. இந்நிலையில் 1909 இல் வேலூரில் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்கச் செவிலியர் டெலியா ஹவுட்டன் அதனை வளர்த்தெடுத்தார்.

1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஐடா தொடங்கினார். போதிய மாணவியர் சேர்வரா என்று பலர் ஐயுற்றனர். முதல் அணியைச் சேர்ந்த 14 பேர் 1922 இல் படிப்பை முடித்து வெளிவந்தனர். இங்கு அளிக்கப்பட்டது உரிமச் சான்றிதழ்ப் படிப்பு, பட்டப்படிப்பு அன்று.

பட்டப்படிப்பாக உயர்தல்

1930களின் இறுதியில் சென்னை மாகாண அரசு மருத்துவக் கல்வியைப் பட்டப்படிப்பு நிலைக்கு உயர்த்த முனைந்தது. போதிய ஆசிரியரும் படுக்கைகளும் நிதியும் இல்லாத வேலூர்ப் பள்ளி மூடப்படும் நிலை ஏற்பட்டது. எழுபது வயதைக் கடந்திருந்த ஐடா 1941 இல் நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். ஆண்களையும் சேர்த்தால் கூடுதல் திருச்சபைகளின் ஆதரவு கிடைக்கும் என்ற கருத்து எழுந்தது. பெண்களுக்கெனத் திரட்டிய நிதியை அவ்வாறு பயன்படுத்துவதை, நெடுநாள் ஆதரவாளரான லூசி பீபாடி எதிர்த்தார். கல்லூரியைக் காக்க ஐடா கூட்டுக் கல்வியை ஏற்றுக்கொண்டார். 1942 இல் மருத்துவப் பட்டப்படிப்பு தொடங்கியது. 1947 இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர்.

1946 இல் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புடன் செவிலியர் பட்டப்படிப்பு வேலூரில் தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியிலும் இத்தகைய படிப்பு தொடங்கியது. இவையிரண்டுமே இந்தியாவின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள். மருத்துவமனை வார்டில் வேலை செய்தபடியே கற்கும் தொழிலாக இருந்த செவிலியம், இதன் மூலம் பல்கலைக்கழகப் பாடமானது. இப்படிப்பு இப்போது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடைபெறுகிறது.

இறுதிக்காலம்

ஐடா 1946 இல் ஓய்வு பெற்றார். பின்னர் ஹில்டா லாசரசு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியரானார். ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் 1960 இல் காலமானார். ஆங்கிலேய அரசு இவருக்குக் கைசர்-இ-இந்து பதக்கம் அளித்திருந்தது. வேலூரில் மருத்துவமனை அமைந்துள்ள சாலை இவர் பெயரால் ஐடா ஸ்கடர் சாலை என வழங்கப்படுகிறது.