ஒரே நாளில் 11 விக்கெட்! ஆனாலும் டெஸ்ட் ஆடாத ராம்சிங்

ஒலக்கூர், திண்டிவனம் பக்கமிருந்து ரயிலேறி சேப்பாக்கத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் ஏ.ஜி.ராம்சிங்.

பூர்வீகம் அமிர்தசரஸ். பிறந்தது 1910-ல், நம்ம சென்னையில். சுழல்பந்து, பேட்டிங் இரண்டுமே இடது கை.

1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதின. மைசூர் 48 ரன்னில் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மறுபடி இறங்கிய மைசூர் 59 ரன்னில் மூட்டை கட்டியது. ஒரே நாளில் ஆட்டம் குளோஸ்! ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் சாய்த்தார்.

அப்படிப்பட்டவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 1936 ஆகஸ்டுக்குப் பிறகு 1946 ஜூன் வரை இந்தியா டெஸ்டே ஆடவில்லை. நடுவில் உலகப்போர் வேறு. 26 வயசுக்காரர் 36-ஐ நெருங்கிவிட்டார். நல்ல வயசெல்லாம் வீணாய்ப் போச்சு.

ஆனால் மனுஷன் மைதானத்தை விடவில்லை. பயிற்சியாளர் ஆனார். பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். சொந்த வீட்டிலிருந்தே 2 டெஸ்ட் வீரர்கள் கிளம்பினார்கள்.

மகன் கிருபால்சிங் 1955-ல் ஐதராபாத்தில், நியூசிலாந்துக்கு எதிரான தன் முதல் டெஸ்டிலேயே செஞ்சுரி போட்டார். தம்பி மில்காசிங் 4 டெஸ்ட் ஆடினார். 1961-ல் பம்பாயில் இங்கிலாந்தை எதிர்த்து அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் இறங்கினார்கள்.

1987-ல் கிருபால் காலமானார். அந்தத் துக்கத்தையும் பார்த்த தகப்பனார் 1999-ல் கண்மூடினார். அவருக்குக் கிடைக்காத டெஸ்டை அவர் வளர்த்த பிள்ளைகள் ஆடிக் காட்டிவிட்டார்கள்.