நாவலர் ஏற்றிய விளக்கு

ஈழத்துச் சைவ இளைஞராகிய நாம் மறக்கொணாத பெருந்தகை ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். 1822ஆம் ஆண்டு டிசெம்பர் 18இல் நல்லூரிலே தோன்றிய அவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார்.

பாடசாலை, அச்சியந்திரம், பிரசங்கம் என்னும் மூன்றினாலும் மிஷனரிமார் மக்கள் மனத்தை ஆளுதலை அங்கே கண்டார். கண்டதைத் தம் சமூகத்தின் உயர்வுக்கே பயன்படுத்தினார். 1847 டிசெம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்கள் எழுத்தறியா முதியோருக்கும் பள்ளிக்கூடமாயின. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சம்பளம் தந்த உத்தியோகத்தையும் துறந்தார். அவரது பாலபாடங்கள் சிறுவர்க்கு எழுத்தோடு ஒழுக்கத்தையும் ஊட்டின. 1870களின் பிற்பகுதியிற் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். 1879 டிசெம்பர் 5இல் சிவபதம் அடைந்தார்.

சாதி வேற்றுமையை அவர் கடந்தாரல்லர். அதனை மறைத்துப் புகழ்தல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நம்மிற் பலரும் மிஷன் பாடசாலையிற் கற்றவரே. கற்ற கல்வியை உத்தியோகத்துக்கு மாத்திரம் விற்றுவிடுவோமாயின் நாவலர் பெயரை உச்சரிக்க நமக்கு உரிமை ஏது? வாரத்தில் ஒருநாள் மாலையேனும் அயற் சிறுவரை அழைத்து எழுத்தும் நற்பழக்கமும் கற்பிப்போம். அவர் திறந்த வாயிலினும் அகன்ற வாயிலாக, எவரையும் புறத்தே நிறுத்தாது, திறந்து வைப்போமாக.