கடல் கடந்த கல்வியும் அண்ணல் அம்பேத்கரும்

அண்ணல் அம்பேத்கரின் பெருமையை அறியாதார் நம் சங்கத்தில் இலர். அவர் அரசியல் சட்டம் வகுத்த வரலாற்றை நம் சிறுவரும் தடையின்றிக் கூறுவர். ஆயினும் அயல்நாடுகளில் அவர் மாணவராக வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி மேடைகளில் நாம் கேட்பது ஓரிரு வரிகளே. அமெரிக்காவில் படித்தார், இலண்டனில் படித்தார், பட்டங்கள் பல பெற்றார் என்ற அளவில் பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படிப்பு இடையில் அறுந்துபோனதையும், அறுந்ததை அவர் மீண்டும் தொடர்ந்த விதத்தையும் நம் இளைஞர் அறிதல் வேண்டும் என்னும் விருப்பத்தால் இதனை எழுதலானோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் படைமுகாமில் பிறந்த பீமராவ், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த மாதம் 25 ரூபாய் உதவியுடன் பயின்று பி.ஏ. தேறினார். 1913 பிப்ரவரியில் தந்தையார் ராம்ஜி மறைந்தார். மனைவியும் கைக்குழந்தையும் உடைய இளைஞர், வீட்டிலோ வறுமை. அந்நிலையில்தான் பரோடா அரசு மாணவர் சிலரை அமெரிக்காவுக்கு அனுப்ப முன்வந்தது. 1913 ஜூன் 4ஆம் நாள் அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். குறித்த பாடங்களையே படித்தல் வேண்டும். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசுக்குப் பணியாற்றுதல் வேண்டும் என்பன அதன் விதிகள். உதவித்தொகை மூன்றாண்டுகளுக்கு மட்டுமே.

ஜூலையில் நியூயார்க் சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். அங்கு அவர் பயின்ற பாடங்களின் கணக்கு வியப்பூட்டுவது. பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5 என அது நீள்கிறது. பட்டத்திற்கு வேண்டியது இதனினும் குறைவே. மூன்றாண்டு கழிந்தால் இக்கதவு மூடப்படும் என்பதை அறிந்தவரின் பசி அது. பொருளாதாரத்தில் செலிக்மனும் தத்துவத்தில் ஜான் டூயியும் அவர்தம் ஆசிரியர்கள். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதற்கு அவர் எழுதியது பழங்கால இந்திய வணிகம் பற்றியது. 1916 மே மாதத்தில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளின் தோற்றத்தை ஆராய்ந்து கட்டுரை படித்தார். அவ்வாண்டே இந்தியாவின் தேசிய வருவாய் பற்றிய ஆய்வையும் அளித்தார். உலகின் மறுகோடியில் அமர்ந்து அவர் ஆராய்ந்ததெல்லாம் தம் நாட்டையே என்பதை நோக்குக. 2022இல் மத்திய அரசு தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கு வகுத்த விதிகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு உதவி இல்லை எனக் கண்டபோது நாம் திகைத்தோம். அவ்விதி அன்று இருந்திருப்பின் அண்ணலின் விண்ணப்பமே தள்ளப்பட்டிருக்கும்.

1916இல் இலண்டன் சென்று பொருளாதாரப் பள்ளியிலும், வழக்கறிஞர் தொழிலுக்குரிய கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். ஓராண்டு நிறைவதற்குள் உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடா அவரைத் திரும்ப அழைத்தது. பட்டம் எதுவும் கைக்கு வராத நிலை. புறப்படுமுன் அவர் ஒன்று செய்தார். நான்காண்டுக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர்வதற்குப் பல்கலைக்கழகத்தின் இசைவைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார்.

இவ்விடத்தில் நாம் சற்றே நிற்க விரும்புகிறோம். எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. வருமானச் சான்றிதழ் ஓர் அலுவலகத்தில் உறங்கிக் கிடந்தமையால் உதவித்தொகை உரிய காலத்தில் வரவில்லை. அவர் அவ்விடத்தை வாளாவிட்டுவிட்டார். அடுத்த ஆண்டுக்கு இடத்தை நிறுத்தி வைக்குமாறு எழுதிக் கேட்டனையா என்று வினவினோம். அப்படிக் கேட்கலாம் என்பதே தமக்குத் தெரியாது என்றார். அவருக்கு அதனைச் சொல்லித்தராத ஆசிரியருள் நாமும் ஒருவர்.

1917இல் அண்ணல் தாயகம் திரும்பினார். வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்கள் போர்க்காலக் கடலில் மூழ்கின. அதற்கு ஈடாகக் கிடைத்த 600 ரூபாயே பரோடா செல்லும் செலவுக்கு உதவிற்று. அங்கு மன்னரின் இராணுவச் செயலாளர் பதவி காத்திருந்தது. தங்குவதற்கு இடந்தான் இல்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் சூழ்ந்து வெளியேற்றியது. ஏவலரும் கோப்புகளைக் கையில் தாராது மேசைமேல் எறிந்தனர். பத்தாண்டுப் பணி சில நாட்களிலேயே முடிந்தது.

1918இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோல்காப்பூர் மன்னர் சாகு உதவினார். கொலம்பியா நாளைய நண்பர் நவல் பதேனா 5,000 ரூபாய் கடன் கொடுத்தார். 1920இல், பெற்ற தவணை கழியுமுன், மீண்டும் இலண்டன் சேர்ந்தார். இம்முறை அரசு உதவி ஏதுமில்லை. அரைவயிற்று உணவுடன் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பகலெல்லாம் படித்தார். 1921இல் எம்.எஸ்சி.; 1922இல் பாரிஸ்டர். ரூபாயின் சிக்கல் பற்றிய டி.எஸ்சி. ஆய்வேட்டைத் தேர்வாளர் திருத்தித் தருமாறு திருப்பினர். கையிலோ பணம் இல்லை. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பி, இங்கிருந்தே திருத்தி அனுப்பி, அவ்வாண்டின் இறுதியில் அப்பட்டத்தைப் பெற்றார். கொலம்பியாவின் டாக்டர் பட்டமோ, ஆய்வேடு 1925இல் நூலாக அச்சேறிய பின்னர் 1927இல்தான் முறைப்படி வந்தது. 1913இல் தொடங்கிய படிப்பு முற்றுப்பெறப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

1942இல் வைசிராய் நிர்வாக அவையில் தொழில் உறுப்பினரானதும், நம் மாணவர் உயர்கல்விக்கு, குறிப்பாக அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு, உள்நாட்டிலும் அயல்நாட்டிலும் அரசு பொருளுதவி செய்தல் வேண்டும் என்று எழுதிக் கோரிக்கை வைத்தார். தனியொரு மன்னரின் கருணையால் தமக்குக் கிடைத்ததை எல்லார்க்கும் உரிமையாக்க முனைந்த முயற்சி அது. சுதந்திர இந்தியாவில் 1954-55இல் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பெற்றபோது அவர் உயிரோடிருந்தார்.

அதற்கு முன், 1952 ஜூனில், கொலம்பியா அவருக்குச் சட்டத்தில் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று. அதனைப் பெறுவதற்கு அவர் மீண்டும் நியூயார்க் சென்றார். அப்போது அவருக்கு வயது 61. மூன்றாண்டுத் தவணையோடு அந்நகரில் வந்திறங்கிய நாளிலிருந்து 39 ஆண்டுகள் கழிந்திருந்தன.