பேனாவைத் தவறாகத் தோய்த்தவர்: சோலார் பேனலுக்குப் பின்னால் இருக்கும் யான் சோக்ரால்ஸ்கி யார்?

கோடையில் பழவேற்காடு ஏரி வற்றினால் கரையோரம் வெள்ளையாக உப்பு படியும். உப்பு படிகமாகும்போது, நீரில் கலந்திருக்கும் மற்ற பொருட்களைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும். அந்தக் கரையில் இருக்கும் மீனவக் குப்பத்தில் ஒரு சோலார் விளக்கு எரியுதுன்னா, அதன் பேனலுக்குப் பின்னாலும் இதே வேலை நடந்திருக்கிறது. உப்புக்குப் பதில் சிலிக்கான், அவ்வளவுதான்.

இதற்கு வழி காட்டியவர் யான் சோக்ரால்ஸ்கி. 1885-ல், அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்த போலந்தின் க்சினியா ஊரில் பிறந்தவர். 1916-ல் பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, மைக்கூட்டுக்குப் பதிலாக உருகிய தகரத்தில் பேனாவைத் தோய்த்துவிட்டார் என்பார்கள். வெளியே எடுத்தால் மெல்லிய உலோக இழை. அது முழுக்க ஒரே படிகம்!

இன்றும் முறை அதேதான். 1,414 டிகிரி செல்சியஸில் உருகும் சிலிக்கானில் சின்ன விதைப் படிகத்தைத் தொடவைத்து, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுப்பார்கள். இரும்பு அணுக்கள் லட்சத்தில் ஒன்றுகூட படிகத்துக்குள் நுழையாது. ஆனா போரான் அப்படியில்லை, பத்துக்கு எட்டு உள்ளே போய்விடும். மின்சாரத்துக்காக அதை வேண்டுமென்றே சேர்ப்பதும் உண்டு.

சிக்கல் பாத்திரத்தில்தான். குவார்ட்ஸ் கலயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, ஆக்சிஜன் படிகத்துக்குள் புகுந்துவிடும். வெயில் பட்டதும் போரானும் ஆக்சிஜனும் கைகோத்து மின் உற்பத்தியைக் குறைக்கும். அதனால்தான் போரான் இடத்துக்கு இப்போது காலியம் வந்திருக்கிறது.

இந்தப் பெருமை எதையும் சோக்ரால்ஸ்கி அனுபவிக்கவில்லை. 1920-களின் கடைசியில் போலந்து அதிபர் மோஸ்சிட்ஸ்கி அழைக்க, வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். போர்க்காலத்தில் ஜெர்மானியர்களின் அனுமதியுடன் பட்டறை நடத்தியதால், 1945-ல் துரோகப் பழி விழுந்தது, கைதானார். ஆதாரம் இல்லை என்று வழக்கு கைவிடப்பட்டது. ஆனாலும் பல்கலைக்கழகம் அவரைத் திரும்பச் சேர்க்கவில்லை.

சொந்த ஊர் திரும்பி, அழகுசாதனப் பொருட்களும் வீட்டு ரசாயனங்களும் தயாரித்துப் பிழைத்தார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அவருடைய முறையில் டிரான்சிஸ்டருக்கான படிகங்களை இழுக்கத் தொடங்கியிருந்த காலம் அது! 1953 ஏப்ரலில் மாரடைப்பால் இறந்தார். பல்கலைக்கழகம் அவர் மீதான களங்கத்தைத் துடைத்தது 2011-ல்.